இதயத்தின் பின்னால் இருந்த நிழல்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் காபி போடுவது யாருடைய வேலையும் இல்லை. பதினோரு வருஷமாக என் மனைவி ஸ்மரந்தாதான் போட்டாள். அவள் அங்கே டெக்னீஷியன். ஒக்தாவ் ஆகிய நான் அதே மருத்துவமனையின் இயற்பியலாளர். நாங்கள் சண்டை சச்சரவு இல்லாத தம்பதி என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு வந்த நீங்கள் என் கம்ப்யூட்டர் நிரலைப் பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்ரே கதிர் எல்லாமே உடம்பைத் துளைத்து நேராக வெளியே வருவதில்லை. ஒரு பங்கு உள்ளே சிதறி, கண்டபடி வந்து விழும். நவம்பரில் டான்யூப் ஆற்றின்மேல் கிடக்கிற மூடுபனிபோல் படம் முழுக்க மூடிக்கொள்ளும். எக்ஸ்ரே அறையில் இதைத் தடுக்க ஈயத்தாலான வடிகட்டி உண்டு. கட்டிலோடு கிடப்பவர்களைத் தள்ளுவண்டி மெஷினில் எடுக்கும்போது அதைச் சரியாக வைக்க வழியில்லை. அதனால் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தேன். பனி மூடிய படம் ஒன்று, அதே மார்பின் தெளிந்த படம் ஒன்று என்று பல்லாயிரம் ஜோடிகளைக் காட்டினால், எது பனி, எது உடம்பு என்று அதுவே பிரித்துப் பழகிவிடும்.

அந்த ஜோடிகளை எல்லாம் எடுத்தவள் ஸ்மரந்தா. பிளாஸ்டிக் மார்பு பொம்மை ஒன்றை நிமிர்த்தியும் புரட்டியும் மாதக்கணக்கில் எடுத்தாள்.

"உன்னைத் தொட்டதவிட இந்த பொம்மையத்தான் அதிகமா தொட்டிருக்கேன்," என்பாள். "நான் பேசுறப்ப இதாவது குறுக்க பேசாம கேக்குது."

பிறகு நிஜ நோயாளிகளின் நானூறு படங்களில் சோதித்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கில் நிரல் அற்புதமாக வேலை செய்தது. ஆறில் மட்டும், பனியோடு சேர்த்து வேறொன்றையும் துடைத்திருந்தது. இதயத்துக்குப் பின்னால், சிதறல் மிக அடர்ந்திருக்கும் இடத்தில், விளிம்பு மங்கிய கட்டிகள். அவற்றையும் அது பனி என்றே நினைத்துவிட்டது. அப்போது மருத்துவர்கள் பார்த்தது துடைக்காத படங்களைத்தான். ஆகவே யாருக்கும் கெடுதல் நேரவில்லை. அந்த ஆறையும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டேன். காரணம் கேட்ட கட்டத்தில் 'நோயாளி அசைந்துவிட்டார்' என்று எழுதினேன். இருவர் மயக்கத்தில், மூச்சுக் கருவியில் இருந்தவர்கள். அவர்கள் எப்படி அசைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் மருத்துவமனையில் நிரலை ஓடவிட்டோம். துடைத்த படம் மட்டுமே மருத்துவரின் திரைக்குப் போகும். மூலப் படம் என் கம்ப்யூட்டரில் தங்கிவிடும்.

மார்ச் மாதம் ஸ்மரந்தாவுக்கு மூன்று வாரமாக இருமல். பதினான்காம் தேதி எக்ஸ்ரே அறையில் நோயாளிகள் கூட்டம். அவள் தள்ளுவண்டி மெஷினை இழுத்து வந்தாள்.

"இன்னிக்கு நானே பொம்மை. பட்டனை அமுத்து. உன் மந்திரவாதி என்ன சொல்றான்னு பாப்போம்."

நான் அழுத்தினேன். கதிரியக்க மருத்துவர் லஸ்கு, எங்கள் இருவருக்கும் இருபது வருஷ நண்பர், படத்தைப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு, ஸ்மரந்தா. மூச்சுக்குழல்ல சளி, அவ்வளவுதான். சிகரெட்ட விட்டுத் தொலை."

"நான் விட்டுட்டா பால்கனியில உங்களுக்கு யாரு டாக்டர் துணை?"

மாலை நான்கு மணிக்கு, வழக்கம்போல இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலப் படத்தில் அவள் இதயத்துக்குப் பின்னால் வால்நட் அளவில் ஒரு நிழல் இருந்தது. துடைத்த படத்தில் இதயம் மட்டும் இருந்தது.

நான் மருத்துவன் அல்ல. பழைய தழும்பாகவும் இருக்கலாம். மூன்று வாரத்தில் தலைநகர் புக்கரெஸ்ட்டிலிருந்து நிரலுக்கு அனுமதி தரும் குழு வர இருந்தது. மூன்று வாரத்தில் ஒரு தழும்பு எங்கும் ஓடிவிடாது என்று நினைத்தேன். குழு வந்தது. அவர்களுக்கு மெஷினை இயக்கிக் காட்டியவள் ஸ்மரந்தா. இருமலை அடக்கிக்கொண்டே காட்டினாள். மே மாதம் அனுமதி கிடைத்தது. அதன்பின் ஒவ்வொரு மருத்துவமனையாக நிரலைப் பொருத்தும் வேலை. சொல்வதற்கு ஏற்ற நாளாக ஒன்றும் அமையவில்லை.

ஜூலையில் கடலோர ஊரான சுலினாவுக்குப் போனோம். நான்தான் கூட்டிப்போனேன். கடலுக்குப் போகும் படகில் அவள் படியேறி வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு வாங்குது, ஒக்தாவ். கிழவியாயிட்டேன் போல."

"நாப்பத்தேழுல என்ன கிழவி?"

"அப்ப இன்னொரு தட்டு மீன் சூப் வாங்கிக் குடு. கிழவிக்குத்தான் பத்தியம்."

அந்தப் பத்து நாளும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் அந்தக் கோடை அவளுக்குக் கிடைத்திருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கழிந்திருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. புக்கரெஸ்ட் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, வசந்தத்தில் பிடித்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்.

பிப்ரவரியில், கடைசி வாரம், அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு எடுத்த படம் இருக்கில்ல. துடைக்காதது. அத நீ பாத்தியா?"

"பாக்கல."

அவள் என் சட்டைக் கையை விட்டாள். "நல்லதாப் போச்சு," என்றாள். "பாத்து, தெரியாமப் போயிருந்தா நீ செத்தே போயிருப்ப. உன் மேல தப்பில்ல. அழாத."

நான் அழுதேன். அது நடிப்பு அல்ல. இன்றும் அவள் பக்கத்துத் தலையணை உறையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் லஸ்கு என் அறைக்கு வந்து, மார்ச் பதினான்கின் மூலப் படத்தைக் கேட்டார். நானே திறந்து காட்டினேன். அதற்கு முன் கடைசியாகத் திறந்த தேதியும் நேரமும் ஓரத்தில் இருந்தன. அதே மார்ச் பதினான்கு, மாலை நான்கு.

"எனக்கு இதக் காட்டியிருந்தா போதுமேடா," என்றார். "ஒரு தடவ கூப்பிட்டிருந்தா போதுமே." பிறகு உங்களிடம் வந்தார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பார்த்தேன், புரிந்தது, சொல்லவில்லை. அந்த ஆறு படங்களையும் ஒளித்தது நான்தான். என் கம்ப்யூட்டரில் ஸ்மரந்தாவுடையதைத் தவிர இன்னும் மூன்று பேரின் மூலப் படங்களிலும் அப்படி ஒரு நிழல் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு நல்ல செய்தியோடு போனவர்கள். பெயர்களைத் தருகிறேன்.

ஆனால் இந்தக் கடைசித் தாளில் என்னால் கையெழுத்திட முடியாது. முப்பத்தொரு மருத்துவமனைகளிலும் நிரலை இன்றே நிறுத்தச் சொல்கிறீர்கள். அது கற்றதெல்லாம் என் மனைவி எடுத்த படங்களிலிருந்து. இந்த உலகத்தில் அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் சாகவிடும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.