செல்வப்பிரியாவின் பெயரில் இரண்டு வரிகள்

பென்ஷன் வாங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது முழங்கால் என்பார்கள். எனக்குக் கெட்டது மத்தியானத் தூக்கம். சாப்பிட்டுப் படுத்தால் கண் மூடாது, எழுந்து உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது. உங்களுக்கு அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது, லிஜி மேடம். இன்ஸ்பெக்டர்களுக்கு எப்படியோ, தெரியாது. மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சாம்பசிவன், வயது அறுபத்தாறு, கல்பாத்தி. முப்பத்தாறு வருஷம் மென்பொருள் கம்பெனிகளில் நான் செய்த வேலைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. விஷயம் இவ்வளவுதான்: பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிரலை எழுதும்போது, யார் எந்த வரியை எதற்காக மாற்றினார் என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண். எந்த எண் எந்த ஊரில் ஓடுகிறது என்பதற்கு ஒரு பட்டியல். உலகத்தில் முக்கால்வாசிச் சண்டை இந்த நான்கும் இல்லாததால்தான் நடக்கிறது, கல்யாண வீட்டுச் சண்டை உட்பட.

ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் ஃபிரிட்ஜில் இருந்த சாம்பாருக்குப் பதிப்பு எண் ஒட்டினேன். ரசத்தில் உப்புப் போடுவதற்கு முன் என் கையெழுத்து வேண்டும் என்றேன். என் மனைவி ஞானம் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

“இந்த ஆத்துல ஒண்ணு நான் இருக்கணும், இல்லேன்னா அந்த ஸ்டிக்கர் இருக்கணும். எந்தப் பைத்தியக்காரனாவது உங்களுக்கு வேலை குடுப்பானான்னு பாருங்கோ.”

கொடுத்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு சின்னக் கம்பெனி. தேயிலை ஆலை எந்திரங்களை ஓட்டும் நிரல் எழுதுகிறவர்கள். ஏழு பிள்ளைகள், ஒரே நிரலுக்குப் பத்து நகல். மலை ஆலைகளுக்குப் போய் நிரலை ஏற்றி வரும் ஜோஜோ தன் பென்டிரைவில் பதினோராவது ஒன்று வைத்திருந்தான். அதற்கு மனைவி ஜோமோளின் பெயரை வைத்திருந்தான். எல்லா ஆலையிலும் ஓடியது அந்த ஜோமோள்தான். எனக்குச் சந்தோஷத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

விதிகளைச் சொன்னேன். ஆறு பேர் தலையாட்டினார்கள். செல்வப்பிரியா ஆட்டவில்லை. எலப்புள்ளியில் விவசாயக் குடும்பம். ஏழு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த மூளையை அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“ஏனுங்க சார், ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் பார்க்கோணும்னா வேலை எப்பங்க முடியறது? மடை தொறக்கறதுக்கு ஒருத்தன், அத வேடிக்கை பார்க்க ஒருத்தனுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் விதியை வாயால் சொல்லி யாரும் படிந்ததில்லை. ஆகவே சின்னச் சின்னப் பிழைகளை விதைத்தேன். எல்லோரும் எழுதும் நிரல் வந்து சேரும் பெட்டகத்தின் சாவி என்னிடம். யார் பெயரிலும் எந்த வரியையும் சேர்க்க என்னால் முடியும். திங்கட்கிழமை ஒருவர் பெயரில் ஒரு தவறு. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் பிடிக்காவிட்டால் நானே பிடித்ததுபோலக் காட்டி, “பார்த்தேளா” என்பேன். தீயணைக்கப் பழக்குகிறவன் கொஞ்சம் தீ மூட்டத்தானே வேண்டும்.

பலன் அற்புதம். மூன்று மாதத்தில் ஒருவர் எழுதியதை ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பிழைகளில் கடைசி ஐந்தையும் செல்வப்பிரியா மறுநாளே பிடித்தாள். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாள்:

“சார், உங்க ரூலெல்லாம் இப்ப எங்களுக்கே வந்துருச்சுங்க. அடுத்த மாசத்துலேருந்து நீங்க ஊட்ல காலை நீட்டி ஒக்காந்துக்கலாமுங்க.”

அன்பாகத்தான் சொன்னாள். பக்கத்தில் முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குப் போய் நூறு பிரதட்சிணம் வந்தேன். சாமிக்கே தலை சுற்றியிருக்கும். உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது: எந்த எண் எந்த ஊரில் என்ற பட்டியலை மட்டும் அவர்கள் இன்னும் ஒழுங்காக எழுதுவதில்லை. ஒரு பாடம் பாக்கி.

பதின்மூன்றாவது பிழை இப்படி. இலை வெட்டும் உருளைகளின் மூடி திறந்திருந்தால் எந்திரம் ஓடாது. அதற்கு நிரலில் காவல் இருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் எந்திரம் தானே ஓடத் தொடங்கும். என் பிழையால், அப்போது முதல் பன்னிரண்டு வினாடி மட்டும் அந்தக் காவல், மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்காது. இரண்டே வரி. செல்வப்பிரியாவின் பெயரில், அவள் எழுதும் பாணியிலேயே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஜோஜோ வந்தான். மலைமேல் ஏலப்பாறை ஆலையில் மழை, நெட் இல்லை. ஆகவே புதுப் பதிப்பை என் கண்ணெதிரே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனான். பட்டியலில் எண்ணை மாற்றவில்லை.

புதன்கிழமை செல்வப்பிரியா அந்த இரண்டு வரியையும் பிடித்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

“இத நானா எழுதுனேன்? எப்ப எழுதுனேன்னே தெரியலீங்க சார்.” உடனே திருத்தினாள். திருத்திவிட்டுக் கேட்டாள்: “இது எங்கயும் வெளிய போகலீங்கல்ல?”

“பட்டியல் என்ன சொல்றது?”

பார்த்தாள். “ஏலப்பாறைக்குப் பழைய நம்பர்தானுங்க இருக்குது.”

“அப்புறம் என்ன.”

இதில் பொய் ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலை நம்பலாமா என்று அவளாகக் கேட்டிருந்தால், ஜோஜோவுக்கு ஒரு போன் போட்டிருந்தால், பாடம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் காத்திருந்தேன். மணிக்கு நானூறு தடவை பட்டியலைத் திறந்து பார்த்தேன். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தகப்பன் மாதிரி நடந்துகொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை வேதமுத்து கூப்பிட்டார். ஏலப்பாறை ஆலையில் உருளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நான் அங்கே போனபோது நம்பர் வாங்கி வைத்திருந்தார்.

“சார், ஒண்ணு சொல்லணும். கரண்டு போயி வந்தப்ப மூடி தொறந்தேதான் கெடந்துச்சு. உருளை கொஞ்ச நேரம் சுத்திட்டு அதுவா நின்னுச்சு. பயமா இருக்கு சார்.”

“வாயால சொன்னா ஆகாது, வேதமுத்து. ஃபாரத்துல எழுதி ஜோஜோகிட்ட குடுங்கோ.”

“அவரு மலை எறங்கிட்டாரே சார்.”

“திங்கக்கிழமை வரச்சே குடுங்கோ.”

“சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

முறை என்றால் முறை. ஒருவருக்காக அதை வளைத்தால் பிறகு எல்லோருக்கும் வளைக்க வேண்டும். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். மலையில் கரண்ட் போகும் நேரத்தில்தான் மூடியைத் திறந்து, பற்களில் ஒட்டிய இலையைச் சுரண்டுவார்கள். மற்ற நேரம் எந்திரத்தை நிறுத்த மேனேஜர் விடமாட்டார். வேதமுத்து முழங்கை வரை உள்ளே விட்டுச் சுரண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பிழையே எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு ஏலப்பாறையில் கரண்ட் போனது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. எந்திரம் பன்னிரண்டு வினாடிதான் ஓடியது, ஒரு வினாடி கூடவில்லை. வேதமுத்துவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கிய ஜீப் பாதி வழியில், குட்டிக்கானத்திலேயே திரும்பிவிட்டது. அதற்குமேல் போக அவசியமில்லை என்றார்களாம்.

அதன் பிறகு பட்டியலைப் பார்க்க வேண்டுமே. மூன்று வாரமாக ஒரு கட்டம்கூடத் தவறவில்லை. ஜோஜோ இப்போது குடிக்கிற டீக்குக்கூட எண் போடுகிறான். ஒருவர்கூட என்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

செல்வப்பிரியாவை நீங்கள் அழைத்து வந்தது முந்தாநாள். தப்பு அவள் பெயரில். திருத்தமும் அவள் கையால். திருத்தியதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்தாள் என்று நீங்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. அவளுடைய அப்பா உங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது, “சார், நீங்களாச்சும் சொல்லுங்க, எம்புள்ளை அப்படிப்பட்டவ இல்லீங்க” என்று எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். என் லேப்டாப் இதோ. கடவுச்சொல்லைத் தாளில் எழுதியிருக்கிறேன். அந்த வரிகள் எங்கிருந்து போயின என்று உங்கள் ஆட்கள் அரை மணியில் கண்டுபிடிக்கலாம். அந்தப் பெண்ணுக்காகத்தான் வந்தேன். மனசு கேட்கவில்லை.

இன்று காலைப் பத்திரிகையில் நிபுணர்கள் சொன்னதைப் படித்ததும், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ‘வேலைக்குப் புதிதானவர்கள் செய்யும் சாதாரண அஜாக்கிரதை’ என்று போட்டிருக்கிறார்கள். அவளை வெளியே விடுவதற்குக் கோர்ட், ஜாமீன் என்று எத்தனை நாள் பிடித்தாலும் பிடிக்கட்டும். அந்த நிருபரை மட்டும் இன்றைக்கே கூப்பிட்டு, அது அஜாக்கிரதை இல்லை, பதினோரு நாள் உட்கார்ந்து செதுக்கிய வேலை என்று சொல்லிவிடுங்கள்.