என் கேமராவும் அருண்பாண்டியின் கேமராவும்

கேமரா வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை மெகாபிக்சல்? நீங்களும் அதையேதான் கேட்டீர்கள், ரிஜின் சார். அக்கா மகனுக்கு வாங்க வேண்டும் என்றீர்கள். எஸ்.ஐ. ஆக இருந்தாலும் மாமன் மாமன்தானே. ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். சொல்லாமல் இருப்பேனா?

என்னுடையதிலும் இருபத்துநாலு. செத்துப்போன அருண்பாண்டியுடையதிலும் இருபத்துநாலு. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கொழுந்து கிள்ளுகிறவளும் எஸ்டேட் மேனேஜரும் ஒரே தேயிலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்காக இரண்டு பேருக்கும் பங்களாவா கொடுக்கிறார்கள்?

என்னுடையது ஃபுல் ஃப்ரேம், உள்ளே பெரிய சென்சார். உலோக உடம்பு. சூரியநெல்லி மழையிலும் மூடுபனியிலும் ஒரு தும்மல்கூடப் போடாது. கண்ணை வைத்தால், படத்தில் எது விழுமோ அது முழுதாகத் தெரியும். அவனுடையது டிஎஸ்எல்ஆர் குடும்பத்தில் கடைக்குட்டி. பிளாஸ்டிக். கண்ணை வைத்தால் கதவிடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். இருட்டாக, ஓரம் வெட்டுப்பட்டு. எனக்கு அந்தக் கதவிடுக்குப் பழக்கம் உண்டென்று ஊரில் பேசுவார்கள். போட்டோ எடுக்கிறவனுக்கு அது தேவையே இல்லை சார். சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று வாசல் கதவையே திறந்து கூப்பிடுகிறார்கள். எந்த மருமகள் மாமியாரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நிற்கிறாள், எந்த மாப்பிள்ளை பெண்ணைவிட ஜீப்பைப் பார்த்துப் பூரிக்கிறான், எல்லாம் என்னிடம் இருக்கிறது.

முக்கியமான வித்தியாசம் லென்ஸில். அவன் கேமராவோடு பெட்டியிலேயே வருவது பதினெட்டு-ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். நின்ற இடத்தில் நின்றுகொண்டு வளையத்தைத் திருகலாம். பதினெட்டில் மணமேடை முழுக்க விழும், ஐம்பத்தைந்தில் பெண்ணின் முகம் மட்டும் விழும். சோம்பேறிகளுக்கென்றே செய்தது. என்னுடையது எண்பத்தைந்து, அவ்வளவுதான். திருக ஒன்றும் கிடையாது. ஆள் முழுதாக வேண்டுமென்றால் கேமராக்காரன்தான் பின்னால் நடக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வையுங்கள். அக்கா மகனுக்குச் சொல்லலாம்.

உங்கள் கான்ஸ்டபிளை என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பூபதிராஜா. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பும் வயலும் அண்ணன் கருப்புசாமி பார்க்கிறார். எனக்கு மண்ணில் இறங்கப் பிடிக்கவில்லை, மலையேறி வந்து ஸ்டுடியோ போட்டேன். அருண்பாண்டி இங்கே எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்தவன். அவன் அம்மா பெயர் சந்தனம், கொழுந்து கிள்ளுகிறாள். அவன் ரிசார்ட்டில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்து, அந்தக் கடைக்குட்டிக் கேமராவை வாங்கி, என்னிடம் இரண்டாவது கேமராவாக வந்து சேர்ந்தான். கழுத்தில் மாட்டியிருந்த வாரில் கம்பெனி பேர் பெரிதாக மஞ்சளில் இருக்கும். புதுப் பணக்காரன் சட்டையில் விலைச்சீட்டைக் கிழிக்காமல் போடுவது போல.

ஸ்டுடியோவுக்கு எதிரே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஷீனாதான் கல்யாணப் பெண்களை எங்களுக்கு அனுப்புவாள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "பூபதியேட்டா, அருணோட படத்துல பெண்ணு சிரிக்கும். உங்க படத்துல என்னோட மேக்கப்புதான் சிரிக்குது." அவள் பூசுகிற பூச்சுக்கு அது சிரிப்பதே பெரிய விஷயம். அதன் பிறகு பெண்கள் அவனைக் கேட்டு வந்தார்கள். அப்புறம் ரிசார்ட்டுகள் நேராக அவனுக்கே போன் செய்தன. இதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. ரசனை இல்லாதவர்களைப் பார்த்து வருத்தப்பட ஆரம்பித்தால் மூணாறு ரோட்டில் ஒரு கடைக்குள்ளும் நுழைய முடியாது.

என் அம்மா விஷயம் வேறு.

அண்ணன் மகள் மௌனிகா கல்யாணத்துக்கு அவனையும் ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவை, ராமாத்தாளை, நான் முறைப்படி எடுத்தேன். பட்டுச்சேலை, இரண்டு பக்கமும் விளக்கு, பின்னால் நீலத் திரை. சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி துல்லியம். அவன் சமையல் பந்தலுக்குள் போய், சாம்பாரில் உப்பில்லை என்று அம்மா சமையல்காரரை விரட்டிக்கொண்டிருந்ததை எடுத்தான். இருட்டில் எடுத்ததால் மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. மூலையில் யாரோ வைத்த எச்சில் தம்ளர் வேறு.

அடுத்த வருஷம் அம்மா போய்விட்டார். சுவரில் மாலை போட்டு மாட்ட எந்தப் படம் என்று பேச்சு வந்தபோது அண்ணன் சொன்னார்: "டேய் பூபதி, அந்தப் பையன் புடிச்சதையே மாட்டிப்போடலாம். உன்றது ரேசன் கார்டுல ஒட்டறதுக்கு ஆகும். இதுலதான் அம்மா நம்ம அம்மாவாட்டம் இருக்குது."

"அப்ப என்ற படம்?"

"அது கெடக்கட்டும். பேங்குல கேட்டாக் குடுத்துக்கலாம்."

அருண்பாண்டிக்கு அண்ணன் வீட்டாரே போன் செய்தார்கள். அவன் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். படத்துக்குக் கீழே 'பூபதி ஸ்டுடியோ, சூரியநெல்லி' என்று அச்சடித்திருந்தான். "உங்க அம்மால்லாண்ணே, எம் பேரு எதுக்கு" என்றான். காரியத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, உயிரோட இருக்குதுங்க, உங்க கையே கைங்க என்றார்கள். நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். லயத்திலிருந்து வந்தவன் எனக்குப் பிச்சை போட்டான், நான் என் சொந்தக்காரர்கள் முன்னால் ஏந்திக்கொண்டேன். கோபம் என்று எழுதாதீர்கள். ஒரு துறைக்கென்று இருக்கிற தரத்தைப் பற்றிய கவலை என்று எழுதுங்கள்.

இப்போது மொட்டப்பாறை.

அன்றைக்கு எர்ணாகுளத்திலிருந்து ஒரு ஜோடி, கல்யாணத் தேதியைச் சொல்லும் 'சேவ் த டேட்' படம் எடுக்க வந்திருந்தது. ரிசார்ட் கூப்பிட்டது அவனை. அவன் என்னைக் கூப்பிட்டான். "நீங்களும் வாங்கண்ணே, கூட இருந்தா தைரியமா இருக்கும்." நான் இரண்டாவது கேமராவாகப் போனேன். ஜீப்பில் பின்சீட்டில்.

மொட்டப்பாறையில் எல்லோரும் ஜோடியை விளிம்புப் பக்கம் நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பின்னணியாக வைத்து எடுப்பார்கள். காலண்டர் ரசனை. அன்றைக்கு மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, பள்ளத்தாக்கு வெறும் வெள்ளை. தேயிலைச் சரிவு பின்னணியில் வரட்டும், ஜோடியை உள்பக்கம் உட்காரவை என்றேன். வெளிச்சத்துக்காகச் சொன்னேன். அப்படிச் செய்தால் எடுக்கிறவன் முதுகு பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கும். அது தானாக அமைவது.

ஜோடியிடம், "கேமராவப் பாக்காதீங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே இருங்க" என்றேன். அப்படிச் சொன்னால்தான் இயல்பாக வரும். அவர்கள் பாவம், சொன்னபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் அவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னது உண்மைதான்.

பிறகு என் கேமராவை அவனிடம் கொடுத்தேன். என்னிடம் வந்த நாளிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன். நான் கொடுத்ததே இல்லை. "இன்னைக்கு இதுல எடு" என்றதும் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு வாங்கினான். அவனுடைய பொம்மையை என் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"அண்ணே, வளையத்தச் சுத்துனா சூம் ஆக மாட்டேங்கு."

"அது ஃபோகஸ் வளையம்டா. இதுக்கு சூமு உன்ற காலுதான். பின்னால நட."

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் நடந்து வருவார்கள். கேமராக்காரன் அவர்களைப் பார்த்தபடி, கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். குழி, குத்துவிளக்கு, குழந்தை எதுவும் அவனுக்குத் தெரியாது. கூட இருப்பவன்தான் அவனுக்குக் கண். நடக்கிறவன் "இருக்கா?" என்பான், பின்னால் இடம் இருக்கிறதா என்று. கூட இருப்பவன் "இருக்கு" என்றால் திரும்பிப் பார்க்காமல் கால் வைப்பான். இல்லையென்றால் முதுகில் தட்டுவோம். எத்தனையோ மண்டபங்களில் அருண்பாண்டி எனக்குச் சொல்லியிருக்கிறான், நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருதரம் கொதிக்கிற பாயசக் குண்டாவில் விழ இருந்தவனை நான்தான் காலரைப் பிடித்து இழுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"இருக்காண்ணே?"

"இருக்கு."

இருந்தது. பொய்யில்லை. ஒரு படம் எடுத்தான். ஜோடியின் கால் வெட்டுப்பட்டது.

"இருக்காண்ணே?"

"இருக்கு."

அப்போதும் இருந்தது. நான் அவனுக்குப் பக்கவாட்டில் நின்றேன். தட்டுகிற தூரத்தில் இல்லை. குரல் கேட்கிற தூரத்தில். பாறை அங்கே ஈரமாக வளைந்து கீழே போகிறது. வெள்ளைக்குள் எங்கே முடிகிறது என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நான் நின்று பார்த்தேன்.

அவன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "என்னாத் தெளிவா தெரியுதுண்ணே. எங்கிட்ட இருக்கது கேமராவே இல்லண்ணே." எனக்குக்கூட மனசு கொஞ்சம் இளகியது. ஒருவழியாக வித்தியாசம் புரிந்ததே என்று. பிறகு சொன்னான்: "இது மட்டும் அன்னைக்கு எங்கையில இருந்திருந்தா, உங்க அம்மாவ இன்னும் நல்லா எடுத்திருப்பேண்ணே."

சொல்லிவிட்டுக் கண்ணை வைத்தான்.

"இருக்காண்ணே?"

முதலில் கொடுத்த வாக்குமூலத்தில், அந்த நேரம் நான் குனிந்து பையில் லென்ஸ் மூடி தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். "இருக்கு" என்று சொன்னேன். இரண்டு தரம் எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில்.

வனத்துறை வாட்சர்களும் ஜீப்காரர்களும் அவனைப் பள்ளத்திலிருந்து கயிறு கட்டி ஏற்றினார்கள். என் கேமராவும் வந்தது. லென்ஸ் சில்லுச் சில்லாகப் போயிருந்தது, ஆனால் கார்டில் படமெல்லாம் பத்திரம். கடைசிப் படத்தில் ஜோடி தலை முதல் கால் வரை சரியாக விழுந்திருக்கிறது. உலோக உடம்பு என்றால் சும்மாவா. அவனுடைய பிளாஸ்டிக்காக இருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதையும் அக்கா மகனுக்குச் சொல்லுங்கள்.

அவன் அம்மா சந்தனம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஊரையே எடுத்தவன், அவனை ஒருத்தரும் எடுத்ததில்லை. மாலை போட ஒரு படம் இல்லை. "தம்பி, ஒங்ககிட்ட இருக்குமேய்யா" என்று கேட்டாள். இருந்தது. அவன் திரும்பிச் சிரித்தானே, அந்த நொடியில் என் கழுத்தில் கிடந்த அவனுடைய பொம்மையால் எடுத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே வெட்டி, பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியில் கை வைத்தபடி, "எம்புள்ள உயிரோட நிக்கான்யா" என்றாள். அண்ணன் வீட்டில் கேட்ட அதே வார்த்தை. இந்தத் தரம் அது எனக்குச் சொன்னது.

கீழ்ப்பகுதியை ஏன் வெட்டினீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அவனுடைய கார்டில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். அதில் அவன் குதிகால் இருக்கிறது, பின்னால் ஈரப்பாறை இருக்கிறது, பாறை முடிகிற கோடும் இருக்கிறது. அந்த மட்டமான கேமராவில் ஓரம் சரியாகத் தெரியாது என்று முதலில் சமாளித்தேன். லென்ஸ் பதினெட்டில் இருந்ததையும் கார்டு சொல்லிவிட்டது. முகம் மட்டும் வேண்டுமென்பவன் ஐம்பத்தைந்துக்குத் திருகுவான். நான் பதினெட்டுக்குத் திருகினேன். அவனும் அந்தக் கோடும் ஒரே படத்தில் வேண்டும் என்றுதான் திருகினேன்.

அழித்திருக்கலாமே என்று உங்கள் கான்ஸ்டபிள் சிரிக்கிறார். அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்த எதிலும் ஓர் ஆள் அப்படி நின்றதில்லை. அழிக்கக் கை வரவில்லை.

அவனை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உபகாரம். அந்தப் படத்தைக் கோர்ட்டில் காட்டும்போது எடுத்தது யார் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்லுங்கள், சார். எந்தக் கேமராவில் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.