ஞாயிற்றுக்கிழமை கேட்ட எஞ்சின் சத்தம்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே! ஊர் அதிகாரி அவர்களே! சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு மணி நேரம் அலையில் குலுங்கி வந்து சேர்ந்திருக்கும் ஐயா அவர்களே! நாம் அடக்கம் செய்த நர்ஸ் கலோலைனியைப் பெற்ற ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே! மொத்துஹிவாத் தீவின் தாய்மார்களே, அத்தைமார்களே, பெரியோர்களே! சன்னலுக்கு வெளியே சீமைப்பலா மரத்தடியில் நிற்கும் என் தம்பி வில்லிஸோனியே! கோயிலைத் தவிர, அக்கா இருக்கிற கூரைக்குள் தம்பி வரக் கூடாது என்ற மரியாதையை நீ இன்றைக்கும் காப்பாற்றுகிறாய். நல்லது, அங்கேயே நில். ஆனால் ஒரு சொல் விடாமல் கேள்.

நான் எழுந்து வந்தபோது உங்கள் கண்ணெல்லாம் என் இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன். சாவு வீட்டில் அடுப்படி வேலை செய்கிற தாழ்ந்த முறைக்காரர்கள் கட்டும் கிழிந்த பெரிய பாய் இது. மாதர் குழுத் தலைவி லெசியெலி, எந்தச் சாவுக்குப் போனாலும் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்கிற லெசியெலி, சொந்தமில்லாத ஒரு நர்சுக்கு இதை ஏன் கட்டியிருக்கிறாள் என்று கிசுகிசுக்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன். பொறுங்கள்.

சிஸ்டர் கலோலைனி அவர்கள் இருபத்தாறு வருடம் இந்தத் தீவுக்குச் சேவை செய்தார்கள். 'அவர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னோடு ஒரே பாயை எதிரெதிரே உட்கார்ந்து முடைந்தவள், என் உப்பு மீனைக் கேலி செய்துகொண்டே தின்றவள். அவள் என்றே சொல்கிறேன், சபை மன்னிக்க வேண்டும்.

அவள் வருவதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம்? குழந்தை தும்மினால் ஆஸ்பத்திரிக்குப் போகப் படகைத் தேடினோம்! குழந்தை துவண்டு கிடந்தால் இலை தேடினோம்! எல்லாம் தலைகீழ். வந்த முதல் மாதமே அவள் நம் தாய்மார்களை உட்கார வைத்து நான்கு கேள்விகள் சொல்லிக் கொடுத்தாள். குடிக்கிறதா? ஒன்றுக்குப் போகிறதா? அழுதால் கண்ணீர் வருகிறதா? உன் முகத்தைப் பார்க்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் வீட்டிலேயே வைத்துக்கொள். ஏதாவது ஒரு கேள்விக்கு இல்லை என்றாலும் என்னிடம் ஓடி வா. இவ்வளவுதான். இதை நம் பெண்கள் பாய் முடையும்போது பாட்டாகவே பாடினார்கள்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று பயமுறுத்துகிறவளா அவள்? பத்துக் குழந்தைகளைத் தூக்கி வந்தால் ஒன்பதைத் திருப்பி அனுப்பிவிடுவாள். படகுக்கார மொசெஸேயின் மனைவி சளிப் பிடித்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

"சிஸ்டர், படக எடுக்கச் சொல்லட்டுமா?"

"எடுக்கச் சொல்லு. புள்ள கரையில வெளையாடட்டும், நீ படகுல ஏறிப் போய் ஒன் தலையக் காட்டிட்டு வா. அடியே, மூக்கு ஒழுகுறதுக்கெல்லாம் கடலத் தாண்டுனா கடலே வத்திப் போயிரும்!"

என் இலை வைத்தியத்தையும் அவள் பழித்ததில்லை. உச்சிக்குழி விழுந்த குழந்தைக்கு நான் இலையை மென்று தேங்காய் எண்ணெயோடு தடவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தடவு லெசியெலி, நல்லாத் தடவு. ஆனா உச்சி ஏன் குழியுதுன்னா உள்ள தண்ணி வத்திப் போச்சுன்னு அர்த்தம். நீ மேல தடவு, நான் உள்ள ஊத்துறேன். யாரு ஜெயிச்சாலும் புள்ள பொழைக்கட்டும்." அன்றைக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவள் என் இலையைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள். நான் அவள் படகைத் தடுக்க மாட்டேன். ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள் எதையும் செய்ய மாட்டாள்.

அந்த ஒப்பந்தத்தை அவள் உடைத்தாள். சாவு மேடையில் இதைச் சொல்லலாமா என்று போதகர் என்னைப் பார்க்கிறார். சொல்லத்தான் வேண்டும், ஐயா. எட்டு வருடமாக இந்தத் தீவில் நான் சொல்லி வந்தது அதுதானே!

இதோ முன்வரிசையில் இருக்கிறாளே ஹெய்லாலா, என் தம்பி மகள், அவளுக்கு அப்போது பதினொரு மாதம். நம் வழக்கப்படி தம்பி பிள்ளைக்கு அத்தை சொல்தான் முடிவு. பேர் வைத்தவள் நான். முதல் முடி இறக்கியவள் நான். வெள்ளிக்கிழமை வயிற்றுப்போக்கு, சனிக்கிழமை வாந்தி, ஞாயிறு விடியும்போது உச்சி குழிந்துவிட்டது. நான் இலை வைத்தேன். இலை வைத்த குழந்தை ஐந்து நாள் தண்ணீரைத் தாண்டக் கூடாது. கலோலைனி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"விடிஞ்சதுலேர்ந்து துணி நனையலியே, லெசியெலி."

"பொழுது சாயட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரிடி. அத்த சொன்னா சரிதான். நீ கோயிலுக்குப் போ. நான் புள்ள பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

நம்பினேன்! இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் புகை கூட அடக்கமாகத்தான் எழும், படகு கடலில் இறங்கவே இறங்காது. நான் பாட்டை எடுத்துக் கொடுக்கிறேன், இரண்டாவது வரியில் கடல் பக்கம் மொசெஸேயின் எஞ்சின் சத்தம் கேட்கிறது. சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவர் விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். என் பாட்டு நின்றுபோனது. நாற்பது வருடம் பாடிய வாய், பாதி வரியில் நின்றது. அந்த அவமானம் இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது.

குழந்தை பிழைத்தது. நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள், இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தது. பொழுது சாயும் வரை வைத்திருந்தால் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் கலோலைனி கரை இறங்கிய மறுநாளே மாதர் குழுவைக் கூட்டினேன். பொய் சொன்ன நர்ஸ் நமக்கு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள்! கடிதம் எழுதினேன். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டீர்கள்! துறையிலிருந்து உத்தரவு வந்தது. மாதர் குழுத் தலைவி கையெழுத்து இல்லாமல் நர்ஸ் எந்தக் குழந்தையையும் படகில் ஏற்றக் கூடாது.

அதற்குப் பிறகு அவள் எட்டு வருடம் தனியாகப் பாய் முடைந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் அவள் கதவைத் தட்டினீர்கள். அவள் என் கதவைத் தட்டினாள். வாசற்படிக்குக் கீழே காகிதத்தோடு நின்று, என்னிடம் வேறு எதுவும் பேசாமல், "குடிக்கல. மொகம் பாக்கல. கையெழுத்து வேணும்" என்பாள். நான் உடனே போடுவேன். சில நாள் நிற்க வைப்பேன்.

மொசெஸே, நீ எங்கே இருக்கிறாய்? தூணுக்குப் பின்னால் போகாதே. உன் மகனுக்குக் கழுத்து விறைத்த அன்று அவள் காலையில் வந்தாள். நான் பாய்க்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். "வரிசை முடியட்டும்" என்றேன். வரிசை முடிய உச்சிப்பொழுது ஆகிவிட்டது. படகு உன்னுடையது, எஞ்சின் உன்னுடையது, பிள்ளை உன்னுடையது. நீ கரையில் என் கையெழுத்துக்காக நின்றாய்! பிள்ளை உயிரோடு திரும்பி வந்தான், காது போய்விட்டது. இன்றைக்கு அவன் இந்த மண்டபத்தில் நான் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

இப்போது அடக்கம் நடந்த அன்றைக்கு வருகிறேன். என் தம்பி மனைவி அனசெய்னி கிணற்றடியில் உட்கார்ந்து தன் இடுப்பு வரை வளர்ந்த முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, நான் செத்தா வெட்ட வேண்டிய முடிய ஒரு நர்சுக்கு வெட்டுறியா?"

"ஒங்களுக்கும் வெட்டுவேன் அண்ணி. அதுக்குள்ள வளந்துரும்."

"பொய் சொல்லி ஒன் புள்ளையத் தூக்கிட்டுப் போனவ அவ!"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "அந்தப் பொய் அவுங்களுது இல்ல அண்ணி. ஒங்க தம்பி சொல்லிக் குடுத்தது."

கேட்டீர்களா, சபையோரே? கேட்டாயா, வில்லிஸோனி? அன்றைக்கு விடிகாலை கலோலைனி, "நானே லெசியெலிகிட்டப் பேசுறேன், அவ கேப்பா" என்றாளாம். என் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். "வேணாம் சிஸ்டர். கேட்டா அக்கா கூடாதுன்னுருவாங்க. கூடாதுன்னு ஒரு வார்த்த வந்துட்டா அப்புறம் என்னால மீற முடியாது. கேக்காமலே எடுத்துட்டுப் போயிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் எப்பவும் சொல்லிராதீங்க. அக்காவுக்கும் எனக்கும் நடுவுல எதுவும் வந்துரக் கூடாது."

எதுவும் வரக் கூடாதாம்! அதற்காக அவளை நடுவில் போட்டான். கோயிலில் எஞ்சின் சத்தம் கேட்டபோது, ஆண்கள் வரிசையில் நீயும் தலையைத் தூக்கி ஆச்சரியமாகப் பார்த்தாயே தம்பி! அடடா, என்ன நடிப்பு! மொசெஸேக்குத் தெரியும், ஏனென்றால் எஞ்சினை இயக்கியவன் அவன். அவனுக்குத் தெரிந்தால் அவன் மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் தீவுக்கே தெரியும். கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எனக்குப் பதில் வேண்டாம். குனிந்த தலைகளை நானே எண்ணிக்கொள்கிறேன்.

எட்டு வருடம் என்னை முட்டாளாக வைத்திருந்தீர்கள். எனக்கு முதல் பாய், முதல் கிழங்கு, முதல் இருக்கை எல்லாம் கொடுத்தீர்கள். உண்மையை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை! என் ஒரே தோழியை என் கையாலேயே ஒதுக்க வைத்தீர்கள். தெரிந்திருந்தால் மொசெஸேயின் பிள்ளைக்காக அவளைக் காலையிலிருந்து நிற்க வைத்திருப்பேனா?

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒன்பது நாளாகத் தூங்காமல் கிடக்கிறேன். வைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் என்னைக் கொல்கிறது. நீங்கள் எல்லோரும் ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள்? கெட்டவர்களா நீங்கள்? இல்லை, என்னிடம் கேட்டால் குழந்தை செத்துவிடும் என்று பயந்தீர்கள். ஒரு தீவே பயந்திருக்கிறது, நான் அதை மரியாதை என்று நினைத்து நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

கலோலைனி! வாசற்படியில் அத்தனை தடவை நின்றாயே, ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "மூடமே, ஒன் தம்பிதான்டி" என்று சொல்லியிருக்கலாமே! சொன்னால் தம்பியை வெறுப்பேன், அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன், ஹெய்லாலாவுக்கு அத்தை இல்லாமல் போகும் என்று நீயாகவே முடிவு செய்துகொண்டாய். எந்தக் குழந்தை வீட்டில் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்த உனக்கு, நான் உண்மையைத் தாங்குவேன் என்று மட்டும் தெரியவில்லையே! அந்தப் பொய்யை இன்றைக்கு மன்னித்துவிட்டேன். இந்த மௌனத்தை மன்னிக்க எனக்கு இன்னும் நாள் ஆகும். நீயும் எனக்குத் துரோகம் செய்தவள்தான்.

பெரியோர்களே! அழுதுவிட்டுக் கலைவதற்கு நான் உங்களைக் கூட்டவில்லை. சுகாதாரத் துறை ஐயா, இது அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் கடிதம். முதல் கையெழுத்து என்னுடையது. அந்தப் பதினேழு பேரும் வந்து இதிலும் போடுங்கள். பேனா மேசையில் இருக்கிறது. அத்தைமார்களே! இன்று முதல் குழந்தைக்குப் பேர் நாம் வைப்போம், முடி நாம் இறக்குவோம். காய்ச்சல் நாளில் மட்டும் பேச்சு தாயுடையது. அந்த நான்கு கேள்விக்குத் தாய் என்ன பதில் சொல்கிறாளோ அதுவே முடிவு. என் கொள்ளுப்பேத்தி காலம் வரை இந்த மாதர் குழு இதைக் காக்கும் என்று கலோலைனியின் பேரால் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக இந்தப் பாய். என்னைக் கேட்காமல், எனக்குப் பயப்படாமல், ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறும் நாள் வரை இது என் இடுப்பை விட்டு இறங்காது. அந்தப் படகு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பட்டும், மொசெஸே. நான் பாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பட்டும். இந்த முறை நான் பாட்டை நிறுத்த மாட்டேன்.