வால்வில் வைத்த கரித்துண்டு

டீசல் வண்டிக்கு மூக்கடைப்பு வருவது சகஜம், ஐயா. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. இன்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி அதன் மூச்சிலேயே கலந்துவிட ஒரு வால்வு இருக்கிறது. ஈஜிஆர் வால்வு என்போம். ஊர்க் காற்று கெடக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. ஊருக்கு நல்லது, வண்டிக்குக் கெடுதல். தான் விட்ட புகையைத் தானே குடித்தால் யாருக்குத்தான் நெஞ்சு கட்டாது? ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் உள்ளே கரி படிந்து, வால்வு மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வண்டி இழுக்காது. கழற்றி, ஸ்பிரே அடித்து, ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும். அரை நாள் வேலை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனை கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டிகளைப் பிரித்துப் பார்த்துப் போலீசுக்கு அறிக்கை கொடுப்பது உங்கள் உத்தியோகம். என் மாப்பிள்ளையின் வண்டியைப் பிரித்துவிட்டு நீங்கள்தான் என்னிடம் கேட்டீர்கள்: "வால்வைச் சுத்தி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. மூடுற இடத்துல மட்டும் எப்படிங்க ஒரு கரிக்கட்டி?" இந்தப் பதினோரு நாளில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். பேப்பரைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்த கை. கோணலாக இருந்தாலும் படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

என் மகளைப் பட்டறையில் எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பட்டறைக்கு வந்து, கீழே சிந்திக் கிடக்கும் நட்டுகளைப் பொறுக்கி அளவு பார்த்து டப்பாவில் போடுவாள். அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு வயதில், வண்டி வாசலுக்கு வரும்போதே சத்தத்தைக் கேட்டு எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவாள். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். தங்கமான மனுஷன். கல்யாணமாகி ஒரு வருடம் இதே ஊரில் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். பிறகு அவருக்கு மலை மேலே இருக்கும் பள்ளிக்கு மாற்றல் வந்தது. அறுபது கிலோமீட்டர். அதில் முதல் இருபத்தைந்து சமதளம், மீதி முழுக்க ஏற்றம்.

அறுபது கிலோமீட்டர் ஒரு தூரமா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். தனியாக இருந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவள் போன பத்தாம் நாள், வாசலில் நின்ற பால்காரரைப் பிடித்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேட்டரியைப் பற்றிப் பேசினேன். அவரிடம் இருப்பது சைக்கிள். பாவம், கேட்டுக்கொண்டு நின்றார். வேலை முடிந்த வண்டிகளைக்கூட முடியவில்லை என்று சொல்லி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பட்டறை காலியாக இருந்தால் மூச்சு முட்டியது. சோறு இறங்கவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன், ஐயா. இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

முதல் தடவை வந்த கோளாறு நிஜம். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். வால்வைக் கழற்றினால் உள்ளே ஒரு பிடி கரி. நான் ஒழுங்காகத்தான் சுத்தம் செய்தேன். கேஸ்கெட் வரவேண்டியிருந்ததால் இரண்டு நாள் தங்கினார்கள். அந்த இரண்டு நாளும் அவள் பட்டறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊரில் யார் யாருக்கு என்ன ஆச்சு என்று கதை கேட்டாள். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் வந்தார்கள். கிளம்புவதற்கு முன் "வண்டிய ஒரு தடவ பாத்துடறேன் மாப்ளே" என்றேன். வால்வைக் கழற்றிப் பளிச்சென்று கழுவினேன். வேறொரு வண்டியிலிருந்து சுரண்டிய காய்ந்த கரியில் மிளகு அளவு ஒன்றை எடுத்து, வால்வு உட்காரும் விளிம்பில் வைத்து மாட்டினேன். கழுவாமலே விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கழுவாத வால்வு எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. எனக்கு நேரம் தெரிய வேண்டும். சமதளத்தில் வண்டி பூப்போல ஓடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், வால்வு மூடாததைக் கண்டுபிடித்து, வண்டியின் கம்ப்யூட்டர் வேகத்தைக் கட்டிப் போட்டுவிடும். இன்ஜின் ஓடும், ஆனால் இழுக்காது. அது இருபத்தேழு, இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் நடக்கும். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டைவிட என் வீடுதான் பக்கம், அதுவும் இறக்கம்.

யோசித்துத்தான் செய்தேன். பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதையெல்லாம் தொடுகிறவன் மனுஷனே இல்லை. இருக்கிற கோளாறுகளிலேயே சாதுவான கோளாறு இதுதான். வண்டி இழுக்காது, அவ்வளவுதான். அந்தக் கரியும் நூறு கிலோமீட்டர் ஓடினால் தானே பொடிந்துவிடும். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள். நான் மேயவில்லை. உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஏழு மாதத்தில் நான்கு தடவை திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை ரோட்டோரம் நின்று போன் செய்வார். ஒவ்வொரு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "அணைச்சிடாதீங்க மாப்ளே. அணைச்சா மறுபடி எடுக்காது. அப்படியே திருப்பி மெதுவா இறக்கத்துல விடுங்க." அவரும் "மாமா சொன்னா சரி" என்று திருப்பிவிடுவார். பத்து நிமிடத்தில் அந்தக் கரியை எடுத்துவிட்டு, பார்ட் வரவேண்டும் என்று இரண்டு நாள் இழுப்பேன். "இந்த வண்டிக்கு உங்க வீட்டு மேல ஒரு கண்ணு மாமா" என்று அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

நட்டு சிரிக்கமாட்டாள்.

நான்காம் தடவை அவளுக்கு ஏழாம் மாதம். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள், நான் வால்வைத் துடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா, வண்டி கெட்டாத்தான் நான் வருவேன்னு இல்லப்பா. சும்மாவே வருவேன்." பொதுவாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பெண் பிள்ளைகள் அப்பாவிடம் அப்படித்தான் பேசுவார்கள். அன்று மட்டும் கரி எதுவும் வைக்காமல் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். சும்மாதான் வந்தார்கள். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் சொன்னாள்.

"பிரசவம் அங்கேயே பாத்துக்கறோம்பா. பெரிய ஆஸ்பத்திரி நடந்து போற தூரத்துல இருக்கு. இவரோட அம்மாவும் வந்துட்டாங்க. இனிமே குழந்தை பொறந்து மூணு மாசம் கழிச்சுத்தான் வர முடியும்."

"இங்கயும்தான் ஆஸ்பத்திரி இருக்கு," என்றேன்.

"இருக்குப்பா. நீ அங்க வந்து இரேன், யாரு வேணாங்கறா?"

பட்டறையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது நான் வண்டியைப் பார்க்கப் போனேன். மிளகு அளவு போதாது என்று பட்டது. பட்டாணி அளவில் ஒன்றை எடுத்தேன்.

அதில்தான் தப்பு செய்தேன், ஐயா. தொழில்காரன் செய்யக்கூடாத தப்பு. நான் போட்ட தூரக் கணக்கெல்லாம் ஆக்ஸிலேட்டரை வழக்கமாக மிதிக்கிற காலை வைத்துப் போட்டது. மாப்பிள்ளை அன்று மிதிக்கவே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் இருக்கிறாள் என்று, குலுங்காமல், மாட்டு வண்டி போல ஓட்டிப் போயிருக்கிறார். மிதிக்காத வண்டியில் எந்தக் கோளாறும் தெரியாது. இருபத்தெட்டு தாண்டியது, நாற்பது தாண்டியது. பட்டறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரி பொடிந்துவிட்டது, அவள் போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சத்தம் போட்டு அழுதேன்.

மூன்று நாற்பதுக்குப் போன் வந்தது. ஐம்பத்தோராவது கிலோமீட்டர். கடைசிச் செங்குத்தான ஏற்றத்தில் வேறு வழியில்லாமல் மிதித்திருக்கிறார். விளக்கு எரிந்துவிட்டது.

"மாமா, வண்டி இழுக்கல. இவளுக்கு வேற ரத்தமாப் போகுது மாமா. திடீர்னு... சீட்டெல்லாம்... என்ன பண்றதுன்னு தெரியல."

அவர்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்பது கிலோமீட்டர் மேலே. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஐம்பத்தோரு கிலோமீட்டர் கீழே. திரும்பி வரச் சொன்னேன். ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. நான் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றேன். கதவைத் திறந்தபோது அவள் கை குளிர்ந்திருந்தது. குழந்தையும் இல்லை. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல டாக்டர், முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஒன்பது கிலோமீட்டரில் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு ஒருத்தன் ஏன் ஐம்பத்தோரு கிலோமீட்டர் கீழே ஓட்டினான் என்றுதான் ஸ்டேஷனில் மாப்பிள்ளையைக் கேட்கிறார்கள். பெண்டாட்டி சாகட்டும் என்று ஓட்டினாயா என்று கேட்கிறார்கள். "என் புத்தி வேலை செய்யல" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாமா சொன்னது சரிதான், நாம்தான் மெதுவாக இறக்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிடுங்கள். சாப்பிடாமல் இருக்கிறாராம்.

அந்தப் போனைப் பற்றி முழுதாக எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் கட்டிப் போட்ட வண்டிக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, முப்பது எண்ணி, மறுபடி போட்டால் அது பழசை மறந்துவிடும். பத்து நிமிடம் நன்றாக இழுக்கும். மறுபடி இழுக்காவிட்டால் மறுபடி அணைத்துப் போடலாம். பட்டறையில் எடுபிடி வேலை செய்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஏன், அணைக்காமலே விட்டிருந்தாலும் ஊர்ந்து ஊர்ந்து ஒன்பது கிலோமீட்டர் ஏறியிருக்கும்.

மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார்.

"மாமா, அணைச்சுட்டு முப்பது எண்ணிப் போட்டா ஏறும்ங்கறா. அப்பாவக் கேளுங்க, அவருக்குத் தெரியும்ங்கறா. பண்ணட்டுமா?"

"வேணாம் மாப்ளே," என்றேன். "எடுக்காது. நடு ஏத்தத்துல மாட்டிக்குவீங்க. திருப்பிடுங்க, கீழ வந்துடுங்க."

"சரி மாமா," என்றார்.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நான் பதறவில்லை, ஐயா. பதினோரு நாளாக நினைத்துப் பார்க்கிறேன், அந்த நிமிடம் என் மனது தெளிவாகத்தான் இருந்தது. மேலே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பிழைத்து, அங்கேயேதான் இருந்திருப்பாள்.