சுழியில் நின்ற ஆள்

விடியற்காலை ஐந்து பத்து. உச்சமுனையில் மீனவர்களின் கடைசி வாடியைத் தாண்டினால் ஒரே ஒரு மணல் பாதைதான்… இரண்டு பக்கமும் பற்றைக்காடு. ஆள் நடமாட்டம் இல்லை. காற்றில் கருவாட்டு வாடை. அந்தப் பாதையில் தோளில் கமராவும் கையில் ஸ்டேண்டுமாக ஒருவன் வாய்க்குள் திட்டிக்கொண்டே நடக்கிறான்.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதையில்லை இது.

எனக்கு நடந்ததல்ல. என் கூட்டாளி நஜாத்தின் மச்சான் றிம்ஸானுக்கு நடந்தது. கலியாண வீட்டுப் படம் எடுத்தெடுத்து அலுத்துப் போனவன். கல்பிட்டிப் பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஹோட்டலில், சுவர் நிறைய மாட்ட ஒரு படம் கேட்டிருந்தார்கள். உள்ளே தேங்கிய களப்புத் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது முனையில் நுரை சுழன்று சுழன்று கோலம் போடும். அந்தச் சுழிதான் வேண்டும்.

அவன் செய்த முறையைச் சொல்ல வேண்டும். கமராவுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, அரை நிமிடம் கமராவின் கண்ணைத் திறந்தே வைத்திருப்பான். நுரை ஓடிய பாதை முழுக்கக் கோடு கோடாகப் பதியும். அந்த அரை நிமிடத்தில் படகு குறுக்கே போனாலும் படத்தில் இருக்காது. அசைகிற ஆளோ படகோ பதியாது. அசையாமல் நிற்பது மட்டும்தான் உருவமாகப் பதியும்.

முதல் நாள் எடுத்தான். பார்த்தான்.

சுழி அழகாக விழுந்திருந்தது. அதன் நடுவில்… ஒரு ஆள். இடுப்பளவு தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு.

நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர் மட்டும்தான். ஸ்ஸ்ஸ் என்று நுரை உடைகிற சத்தம். அந்த இடத்தில் ஆழம் மூன்று ஆள். மீன்பிடிக்காரர்களே ஒதுங்கிப் போகிற இழுவை.

பயந்தானா? இல்லை. எரிச்சல்தான் வந்தது. “எவன்டா இது, என்ட படத்துக்குள்ள!” என்று படத்தை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தான். அதில் ஆள் இல்லை, ஆனால் வெயில் ஏறி நுரை கலைந்துவிட்டது.

இப்படியே ஒன்பது நாள். தண்ணீர் இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணி பிந்தும். அதன் பின்னாலேயே இவனும் ஓடினான். ஒரு நாள் காற்று. ஒரு நாள் மழை. எல்லாம் சரியாக அமைந்த நேரத்தில் மட்டும் நடுவில் அந்த முதுகு. உச்சி வெயிலிலும் அதே முதுகு. கமராவில் பழுது என்று நினைத்துத் துடைத்தான், கழற்றினான், மாட்டினான். ஹோட்டல்காரன் வேறு காலையும் மாலையும் போன். ஒவ்வொரு படத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தான்.

ஒன்பதாவது நாள் முனவ்வரா பின்னால் வந்து நின்றாள். அவனுக்குச் சோறும் பிளேன்டீயும் கொடுத்துக்கொண்டிருந்த, வாடியில் தனியாக இருக்கும் பெண்.

“என்ன தம்பி, இண்டைக்கும் சரி வரல்லயா?”

“பாருங்க ராத்தா. நாசமாப் போனவன் நிக்கிறான்!” கமராவைக் காட்டினான். விரல் ஏற்கனவே அழிக்கிற பொத்தானில் இருந்தது. அழுத்தியும் விட்டான்.

அவள் அழிந்த திரையை விரலால் தொட்டாள்.

“அந்தச் சட்டையில, முதுகுல, நீல ஒட்டு ஒண்டு இருந்திச்சு. பாத்தீங்களா?”

“ஓம்.”

“நான் வெச்ச ஒட்டு தம்பி. அது அவர்ட சட்ட.”

அவள் கணவன் ஜெமீல் கடலுக்குப் போய் நாலு வருஷம். படகு மட்டும் திரும்பி வந்தது. மையத்து கிடைக்கவில்லை.

“மத்தப் படங்களக் காட்டுங்க.”

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன் ராத்தா.”

அவள் அழவில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அன்றைக்கே புத்தளத்துக்குப் போய், ஒரு கடையில் கமரா கார்டைக் கொடுத்து மீட்டுத் தரச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன் அழித்த கலியாணப் படமெல்லாம் திரும்பி வந்தது. அந்த முதுகு விழுந்த படங்கள் மட்டும் வரவில்லை.

மறுபடி முனைக்குப் போனான். இந்த முறை ஹோட்டலுக்காக அல்ல. முனவ்வரா பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தாள். எடுத்தான். சுத்தமான படம்! சுழி மட்டும். அடுத்த நாளும் சுத்தம். அதற்கடுத்த நாளும். எந்தப் படத்துக்காக அத்தனை நாள் நாய்படாத பாடு பட்டானோ, அது இப்போது வேண்டாம் வேண்டாம் என்னும்போது வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஸ்டேண்டைக் காலால் உதைத்தான்.

“வந்தாரா தம்பி?”

“இல்ல ராத்தா.”

“முகத்தயாவது ஒரு தரம் பாத்திருப்பன்…”

ஆறு நாள் இதே கேள்வி, இதே பதில்.

ஏழாவது நாள் படத்தில் ஆள் விழுந்தது. ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஜெமீல் அதே போல முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு பெண்… இடுப்பளவு தண்ணீரில், கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு.

முனவ்வரா.

திரும்பிப் பார்த்தான். அவள் பத்தடி தள்ளி மணலில்தான் இருந்தாள். உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை.

“வந்தாரா தம்பி?”

திரையை உள்ளங்கையால் மறைத்தான். “இல்ல ராத்தா” என்றான்.

படத்தை நஜாத்திடம் மட்டும் காட்டினான். நஜாத்துக்கு அன்று இரவே காய்ச்சல். இருவரும் சேர்ந்து, குருநாகலில் கலியாணம் முடித்திருந்த முனவ்வராவின் மகள் சப்னாவுக்குச் சொன்னார்கள். படத்தைப் பற்றி அல்ல, உம்மாவைத் தண்ணீர்ப் பக்கம் விடாதே என்று மட்டும். சப்னா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முனவ்வராவுக்குப் போக மனமில்லை. கல்பிட்டிக்குப் போகும் படகில் ஏறியும் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

குருநாகல்… கடல் காற்றே எட்டாத இடம். எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். ஒரு நாள் சுபஹு தொழுகைக்கு எழும்பவில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. உடைத்துத் திறந்தார்கள். கட்டிலில் நேராகப் படுத்திருந்தாள். தூக்கத்திலேயே போன மௌத்து என்றார்கள்.

மையத்தைக் குளிப்பாட்டும்போது சப்னாதான் உம்மாவின் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே ஈரம். விரலைவிட்டுக் கோதினாள்… பாசி. பச்சைக் கடற்பாசி, கொத்தாக.

அதற்குள்ளே ஒரு பொடி இறால். துள்ளிக்கொண்டிருந்தது.