பச்சைக்கு மேல பதினோரு கோட்டிங்

லைட்ட அணைக்காதடா, வெற்றி. பேட்டரி போனா போவுது, தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம். இந்த இருட்டுல வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. பஞ்சர் ஆனதுதான் ஆச்சு, ஸ்டெப்னியும் இல்ல பாரு... ஃபாரிஸு லாரி ஏறி மரக்காணம் போயி, மெக்கானிக்க எழுப்பிக் கூட்டிட்டு வர ஒரு மணி நேரம் ஆவும். எல்லாரும் வண்டிக்கு முன்னாடி வந்து உக்காருங்க. ஜான்சா, அந்தத் தார்ப்பாய இப்படி இழு. காத்து குத்துது.

பாரேன் வெற்றி, ஒன் வண்டிக்கு ஒரு கண்ணு மஞ்சளா, ஒரு கண்ணு பளீர்னு வெள்ளையா இருக்குது. போன வாரம் மாடு குறுக்க வந்துச்சுன்னியே, மாத்துன லைட்டு இதுதானா? மாடு பொழைச்சுதாடா? சரி சரி, மொறைக்காத.

மணி என்ன? மூணு பத்தா... இதே நேரந்தான். இதே ரோடு.

நம்ம தேவா இருக்கான்ல, நேத்து கல்யாணத்துக்கு நம்மகூட வராம டிமிக்கி குடுத்தவன். அவன் அக்கா புருஷன் ஜெயப்பிரகாஷ். பாண்டில மருந்து கம்பெனி ரெப். பன்னெண்டு வருஷம் முன்னாடி சென்னைலேர்ந்து தனியா கார்ல வர்றாரு. ரெண்டு பக்கமும் உப்பளம். நிலா இல்ல. ஏ.சி.யையும் தாண்டி இந்த நாத்தம்... இப்ப வருதே, அழுகின பாசி நாத்தம், இதேதான். ஒரு செகண்டு கண்ணு சொக்குச்சாம்.

தெறந்தா... முன்னாடி ஒரு சைக்கிளு.

லைட்டு வெளிச்சத்துல பாத்தது கொஞ்சந்தான். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ வளைஞ்ச ஹேண்டில். முன்சக்கரத்தப் புடிக்கிற ஃபோர்க் நுனியில நிக்கல் பளபளப்பு. கிளிப்பச்சை. அப்புறம் திரும்பிப் பாத்த ஒரு மொகம்.

டப்புனு ஒரு சத்தம். அதுக்கப்புறம், எங்கியோ பள்ளத்துலேர்ந்து... டிங். சைக்கிள் பெல்லு. ஒரே ஒரு தடவ.

நூறு அடி தள்ளி பிரேக் மேல கால வச்சாராம். வச்ச கால அழுத்தல. போயிட்டாரு.

இத அவரே என்கிட்ட சொன்னாரு. என் செல்போன் கடையில, ஸ்டூல்ல உக்காந்துகிட்டு. அதுக்கு வர்றேன்.

அன்னிக்கோட தூக்கம் போச்சு மனுஷனுக்கு. பேப்பர்ல தேடினாரு, ஒண்ணும் வரல. அந்த ஆளு பொழைச்சிருப்பான், சிராய்ப்போட எழுந்து போயிருப்பான்னு தனக்குத்தானே சொல்லிக்குவாராம். ஆனா மூணு மணியானா எழுந்துடுவாரு. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நட, நட, நட. அவர் வொய்ஃப் கீதாஞ்சலி, சுகர் வந்துடுச்சோன்னு ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்துச்சு.

போன வருஷம் மரக்காணத்துல டீ குடிக்க வண்டிய நிறுத்துறாரு. எதுத்தாப்புல ஷாகுல் ஹமீது பாயோட காயலான் கடை. சுவத்துல ஒரு சைக்கிள் ஃபிரேம் தொங்குது. சக்கரம் இல்ல, ஹேண்டில் இல்ல. மேல தடியா கறுப்புப் பெயிண்ட். நம்ம ஊரு சைக்கிள் மாதிரி இல்ல, பைப்பெல்லாம் ஒல்லி. ஃபோர்க்கு மட்டும் ஒரு பக்கமா கோணி இருக்குது...

டீய அப்படியே வச்சிட்டுப் போயி வாங்கிட்டாரு.

வீட்டுல என்ன சொன்னாருன்னா, பழைய ரேஸ் சைக்கிள் சேக்குறது என் ஹாபின்னு சொல்லிட்டாரு. சுரண்டினா உள்ள என்ன கலர்னு தெரிஞ்சிடும். சுரண்ட பயம். அதனால ஃபேஸ்புக்ல பழைய சைக்கிள்காரங்க குரூப்ல சேர்ந்து போட்டோ போட்டாரு. இது என்ன மாடல், என்ன கலர்ல வந்துச்சு, ஃபோர்க்ல நிக்கல் உண்டா? வேற மாடல், சிவப்புலதான் வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லிட்டா போதும், அன்னிக்கி ராத்திரி தூங்கிடலாம். அவருக்கு வேண்டியது அவ்ளோதான்.

அந்த குரூப்காரங்க விஷயம் தெரிஞ்சவங்க. பைப்பும் பைப்பும் சேர்ற எடத்த கிட்டத்துல எடு, சீட்டு பைப் ஓட்டைய அளந்து சொல்லுன்னு வேல வாங்கினாங்க. கடைசியா பிரான்ஸ்ல இருக்குற ஒரு பெரியவரு, ஃபிரேம கவுத்துப் போட்டு, பெடல் அச்சு போற உருளைக்கு அடியில நம்பர் வெட்டியிருக்கும், அத எடுன்னாரு. இவரு ராத்திரி மொட்டை மாடியில, தனியா, ஃபிரேம கவுத்துப் போட்டு எடுத்து அனுப்பினாரு.

பதில் வந்துச்சு. 'நல்ல போட்டோ. ஆனா ஃபிரேம புடிச்சிருக்கிறவர கொஞ்சம் கைய எடுக்கச் சொல்லுங்க. நம்பர மறைக்குது.'

...யாரு புடிச்சிருந்தா? யாருமே இல்ல.

போட்டோவ பெரிசு பண்ணிப் பாத்தாரு. கையெல்லாம் ஒண்ணும் இல்ல. கீதாஞ்சலிகிட்ட காட்டினாரு. அது பாத்துட்டு, "யாருங்க இது, கை இப்படி வெடிச்சிருக்குது?"ன்னு கேட்டுச்சாம்.

மறுநாளு என் கடைக்கு வர்றாரு. "ஷஃபி, கேமரா லென்ஸுல ஏதோ பிராப்ளம்பா, பாரு"ங்கிறாரு. நான் பாத்தேன்.

அஞ்சு விரலு. உப்பு வார்றவங்க கை தெரியும்ல... வெடிச்சு, வெடிப்புக்குள்ள வெள்ளையா உப்பு. சுண்டு விரல்ல நகம் இல்ல. அந்த உருளைய இறுக்கிப் புடிச்சிருக்குது.

அல்லா மேல ஆணை, எனக்குத் தெரிஞ்சுச்சுடா. கீதாஞ்சலிக்குத் தெரிஞ்சுச்சு. பிரான்ஸ்காரருக்குத் தெரிஞ்சுச்சு. இடிச்ச ஆளு ஒருத்தருக்கு மட்டும் தெரியல.

நான் சொன்னதும் மொகம் வெளுத்துப் போச்சு. ஷட்டர பாதி எறக்கச் சொன்னாரு. அப்பதான் இந்தக் கதையெல்லாம் கொட்டினாரு. எனக்குக் கோவம்னா அப்படியொரு கோவம். இருந்தாலும் ஆளு படுற பாட்டப் பாத்து, "சுரண்டிப் பாத்துடலாம் வாங்க"ன்னேன்.

ஃபிரேம கார்லயே வச்சிருந்தாரு. உப்புத்தாள் போட்டு மெதுவா தேச்சேன். கறுப்பு... அதுக்குள்ள நீலம்... திரும்ப நீலம்... சிவப்பு... வெங்காயம் வெட்டினா தெரியுமே, அந்த மாதிரி வளையம் வளையமா. கடைசியில கிளிப்பச்சை. ஃபோர்க் நுனியில நிக்கல்.

அதேதான்.

அப்புறம் அவரு விரல வச்சு எண்ணினாரு. பச்சைக்கு மேல பதினோரு கோட்டிங். சடார்னு என்னைக் கட்டிப்புடிச்சு அழுவுறாரு. ஏன்னு புரியுதா? இந்தக் கரையில உப்புக்காத்துக்கு இரும்பு நிக்காது. மீன்படகுக்கு அடிச்சு மிஞ்சின பெயிண்ட வாங்கி, வருஷம் ஒரு கோட்டிங் சைக்கிளுக்கு அடிச்சாத்தான் உண்டு. பதினோரு கோட்டிங்னா பதினோரு வருஷம். "பொழைச்சிட்டாம்பா! வருஷா வருஷம் பெயிண்டு அடிச்சு ஓட்டியிருக்கான்பா!"ங்கிறாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஸ்டூல்லயே சுவத்துல சாஞ்சு தூங்கிட்டாரு. ரெண்டு மணி நேரம். எழுப்ப மனசு வரல.

மறுநாளு ரெண்டு பேரும் பாய் கடைக்குப் போனோம். சைக்கிள் யாருதுன்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்னு. வழி பூரா சிரிச்சுகிட்டே ஓட்டுறாரு.

பாய் சொன்னாரு. "அது கலியபெருமாளு வண்டி. பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு வெள்ளைக்காரரு ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனது. மூணு மாசந்தான் ஓட்டினான். ஒருநாளு விடியக்காலம் உப்பு வாரப் போறப்ப எவனோ இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். வெளிச்சம் வந்தப்புறந்தான் பாத்தாங்க. உப்புப் பாத்தியில கெடந்தான். அப்பவும் உசிரு இருந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போச்சு. சைக்கிள விடாம புடிச்சிருந்தான், விரல ஒவ்வொண்ணா பிரிச்சுதான் எடுத்தாங்க."

அப்ப அந்தப் பதினோரு கோட்டிங்?

"அவன் பொண்டாட்டி ராசம்மாள். அவன் செத்த தேதி வந்தா, எங்கியாச்சும் பெயிண்டு வாங்கி சைக்கிளுக்கு அடிச்சிடும். அவரு பொருளு துருப்பிடிக்கக் கூடாதுன்னு சொல்லும். இப்ப மக வீட்டோட போயிடுச்சு, அங்க வைக்க எடமில்ல. அதான் என்கிட்ட வந்துச்சு. மக வீடு இதோ, ரெண்டாவது தெரு."

ரெண்டாவது தெரு. நடந்தா அஞ்சு நிமிஷம். "வாங்க சார், போயி கால்ல விழுந்து சொல்லிடுங்க"ன்னேன். கெஞ்சினேன்டா. கார் சாவிய உருட்டிகிட்டே நிக்கிறாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "பச்சை சைக்கிளு எவ்ளவோ இருக்கும் ஷஃபி. நம்பர் தெரியட்டும். மாடல் கன்ஃபார்ம் ஆவட்டும்."

அறையலாம்னு வந்துச்சு. பெரிய மனுஷன்னு வுட்டுட்டேன்.

அன்னிக்கி ராத்திரி ஃபிரேம மடியில கவுத்து வச்சுகிட்டு உக்காந்தாரு. கீதாஞ்சலி போட்டோ எடுத்துச்சு. அனுப்பினாரு. விடியறப்ப பிரான்ஸ்லேர்ந்து பதில். மாடல் பேரு, வருஷம், எல்லாம் சொல்லிட்டாரு. அந்த வரிசை நம்பர்ல வந்தது மொத்தமே கொஞ்சம். எல்லாம் கிளிப்பச்சை. ஃபோர்க் நுனியில நிக்கல்.

கீழ இன்னொரு வரி. 'உங்க நண்பர் நம்பர் மேலேர்ந்து கைய எடுத்ததுக்கு நன்றி சொல்லிடுங்க. இப்ப உங்க தோள் மேல வச்சிருக்காரே, அவரும் ரொம்ப நாளா சைக்கிள் ஓட்டுறவரா?'

அதுக்கப்புறம் வேற போட்டோவே எடுக்குறதில்ல அவரு. ராசம்மாள் வீட்டுக்கு இன்னி வரைக்கும் போவல. சட்டை போட்டா வலது தோள் பக்கம் மட்டும் வெள்ளையா பூத்து நிக்குதாம், எத்தினி தடவ தோச்சாலும். கீதாஞ்சலி நாக்குல வச்சுப் பாத்துச்சு... உப்பு.

பொய்யா? பொய்யின்னா இந்தா, பாரு. போட்டோ என் போன்லயே இருக்குது. அருளு, நீ மொதல்ல. தோள் மேல... ஆங். தெரியுதுல்ல? ஜான்சா, நீ? சுண்டு விரலப் பாரு. போதும் போதும், சிலுவ போட்டுக்கிட்டது. வெற்றிகிட்ட குடு.

...என்னடா?

எந்தக் கையின்னா? தோள் மேலடா. பெரிசு பண்ணு. அவங்க ரெண்டு பேருக்கும் தெரியுது.

...வெளையாடாத வெற்றி.

...

ஜான்சா, கொஞ்சம் தள்ளி இந்தப் பக்கமா உக்காரு.

வெற்றி... இங்க பாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

போன வாரம்... அது மாடுதானே?