சத்தம் நிற்கும்வரை

நடுச்சாமம். சொறிக்கல்முனைப் பக்கம், வயலுக்கு நடுவே போகும் கிறவல் ரோடு. வாய்க்கால் கட்டோடு ஒரு ஓட்டோ ஒதுங்கி நிற்கிறது... லைட் இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை. பின்சீட்டில் ஒரு பெண். ஓட்டி வந்தவன் அவள் காதுக்குப் பின்னால் தன் காதை ஒட்டி வைத்துக்கொண்டு இருக்கிறான்.

கிட்ட வந்து இருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதையில்லை இது.

அவன் ஜெஸீம். நம்முடைய றிஸ்மியின் சாச்சா மகன். நிந்தவூரில் கலியாணம் முடித்தவன். அவள் அவன் பெண்சாதி நுஸ்ஹா. அவள் மூளைக்குள் இரத்தக் குழாய்கள் சிக்குப்பட்ட நூல் மாதிரி முடிச்சு விழுந்து கிடந்தன. நாடி அடிக்க அடிக்க அதற்குள் ஒரு சத்தம். ஷ்ஷ்... ஷ்ஷ்... காது வைத்தால் அடுத்தவருக்கும் கேட்கும்.

கொழும்பில் தொடை வழியே மெல்லிய குழாயை ஏற்றி, பசை விட்டு முடிச்சில் பாதியை அடைத்தார்கள். அந்த மருந்தின் குணம், இரண்டு மூன்று நாள் அவள் மூச்சில் வெள்ளைப்பூடு மணத்தது. மிச்சத்துக்குக் கதிர்வீச்சுப் பிடித்தார்கள். கதிர் உடனே வேலை செய்யாது, முடிச்சு வற்ற இரண்டு மூன்று வருசம் போகும், அதற்குள் இரத்தம் கசியலாம், தலை வெடிக்கிற மாதிரி வலித்து வாந்தி, சத்தி எடுத்தால் உடனே கொண்டு ஓடுங்கள் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

முதல் வருசம் ஜெஸீம் தங்கமான மனுசன். இரவில் காது வைத்துக் கேட்டு, குறைந்து வருகிறது என்று அவளைத் தேற்றுவான். குறைந்துதான் வந்தது.

அடுத்த வருசம் அவன் கண் நுஸ்ஹாவின் தங்கச்சி ஸப்னாவில் விழுந்தது. நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. மூத்தவள் மௌத்தாகிக் கண்ணை மூடினால், நல்ல மருமகனை விட மனமில்லாமல் இளையவளை முடித்துக் கொடுப்பார்கள். அவன் மாமிக்கு அவன் உயிர்.

அன்று இரவு நுஸ்ஹா தலையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். மாமி கலிமா ஓதி ஓட்டோவில் ஏற்றிவிட்டார். மெயின் ரோட்டில் போனால் ஆஸ்பத்திரி கிட்டத்தான். அவன் ஓட்டோவைத் திருப்பினான்... வயல் பக்கம்.

"மச்சான், இது வயல் ரோட்டெல்லா" என்றாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து இருந்தான். சேற்று மணம். தவளைகள். அவள் அவன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் காதை வைத்தான்.

"பயப்படாத. சத்தம் நிக்குமட்டும் நான் இரிக்கன்."

ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்... அதன் பிறகு தவளைகள் மட்டும்.

பிறகுதான் ஹோன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஜனாஸாவில் அவன் அழுத அழுகையில் ஊரே அழுதது. பாவி.

நாற்பதாம் கத்தம் முடிந்ததும் மாமியே வாய் திறந்தார். ஸப்னாவுக்கும் அவனுக்கும் நிக்காஹ். முதல் இரவு அவன் தோளில் தலை சாய்த்தவள் திடுக்கிட்டு எழும்பினாள்.

"மச்சான்... உங்கட தலைக்குள்ள என்ன சத்தம்?"

கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுத்தான். ஒரு முடிச்சும் இல்லை, சுத்தம் என்றார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. காதில் பஞ்சு அடைத்தான், ஓதிய தண்ணீர் குடித்தான். தாங்க முடியாமல் ஒருநாள் றிஸ்மியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான், வாய்க்கால் கட்டில் சொன்ன அந்தச் சொல் உட்பட. அன்று இரவே ஜெஸீமின் தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் அசைகிறது.

ஸப்னா பக்கத்தை விட்டு எழும்புவதில்லை. இப்படி ஒரு பெண்சாதி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊர் சொல்கிறது.

போன வெள்ளி றிஸ்மி பார்க்கப் போனான். அடுப்பு மூட்டாத வீடு... அறை முழுக்க வெள்ளைப்பூடு மணம். ஸப்னா குனிந்து ஜெஸீமின் காதுக்குப் பின்னால் தன் காதை வைத்திருந்தாள். அவன் கண்ணால் தண்ணீர் ஓடியது. பார்வை றிஸ்மியின் மேலேயே நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோமா என்று றிஸ்மி கேட்டான்.

அவள் தலையை எடுக்கவில்லை. ஜெஸீமின் முடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பயப்படாத. சத்தம் நிக்குமட்டும் நான் இரிக்கன்."

றிஸ்மி அந்தச் சொல்லை அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.